காற்றின் பாரம்

அமிர்தகழியில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடிக் களைத்தவர்கள் இளநீரில் குழலை இட்டு உறிஞ்சுகின்றார்கள். வாயால் இழுப்பதனாலேயே இளநீர் மேலேறுகின்றது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று. நாம் குழலினுள் உள்ள காற்றைச் சிறிது அகற்றுகின்றோம். வெளிக்காற்று இளநீரின் மேற்பரப்பை அமுக்கிக் குழலினுள் தள்ளிவிடுகின்றது. பதினொரு மீற்றர் உயரமுள்ள தென்னையின் உச்சியில் அமர்ந்து, நிலத்தில் வைத்த இளநீரை நீண்ட குழலால் உறிஞ்ச ஒருவர் முற்பட்டால், அவர் எத்துணைப் பலசாலியாயினும் ஒரு துளியும் வாயை எட்டாது. பத்து மீற்றருக்குச் சற்று மேல் நீரைத் தள்ளக் காற்றுக்கு வலுவில்லை.

ஆயினும் அவ்வலுவை இளப்பமாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கிளாசை விளிம்புவரை நீரால் நிரப்பித் தடித்த அட்டையால் மூடுங்கள். அட்டையைத் தாங்கியவாறே கவிழ்த்து, மெல்லக் கையை எடுங்கள். நீர் விழாது. (தாய்மாருக்கு ஒரு சொல்: இதனை முற்றத்திலே செய்விப்பது நன்று.) கிளாசின் வாய் ஏழு சென்ரிமீற்றர் அகலமாயின், உள்ளே நிற்கும் நீர் கால் கிலோ அளவினதே. அட்டையைக் கீழிருந்து தாங்கும் காற்றின் வலுவோ ஏறக்குறைய 38 கிலோ பாரத்துக்குச் சமம். ரின்பால் பேணியில் ஒரு துளையிட்டாற் பால் ஒழுகாமல், இரண்டிட்டால் ஒழுகுவதும் இக்காரணத்தாலேயே.

இனி, பாடசாலைகளிற் பெரிதும் செய்துகாட்டப்படும் ஒரு பரிசோதனை. தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுதிரியை நிறுத்தி, அதன்மேற் கிளாசைக் கவிழ்த்தால், சுடர் அணைந்ததும் நீர் உள்ளே ஏறும். எரிந்துபோன ஒட்சிசனின் இடத்தை நீர் நிரப்புகின்றது என்று பல நூல்கள் கூறும். நமக்கு அவ்விளக்கம் உடன்பாடன்று. திரி எரியும்போது அதிகம் ஏறாத நீர், அணைந்த பின்னன்றோ விரைந்து ஏறுகின்றது? மூன்று திரிகளை ஏற்றினால் இன்னும் உயர ஏறுகின்றது. கிளாசிலுள்ள ஒட்சிசன் மூன்று மடங்காகிவிட்டதா? சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிடுகின்றது. எஞ்சியது குளிர்ந்து சுருங்க, உள்ளமுக்கம் குறைகின்றது. வெளிக்காற்று நீரைத் தள்ளுகின்றது. ஐயமிருப்போர் நெருப்பில்லாமலே பார்க்கலாம். பிளாஸ்ரிக் போத்தலிற் சுடுநீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, உடனே மூடியை இறுக்குங்கள். ஆறும்போது போத்தல் தானே நெளியும்.

போத்தலை நெளிப்பது கடல்மீது வேறு வகையில் வேலை செய்கின்றது. அங்கு ஓரிடத்தில் அமுக்கம் குறைந்தாற் சூழவுள்ள காற்று அதனை நோக்கிப் பாய்ந்து, பூமியின் சுழற்சியால் வளைந்து சுழல்கின்றது. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் மையத்தில் அமுக்கம் ஏறக்குறைய 950 மில்லிபாராக இருந்தது. வழக்கமான அளவு 1010. ஒரு மில்லிபார் குறைந்தாற் கடல் ஒரு சென்ரிமீற்றர் உயரும். எனவே அமுக்கக் குறைவொன்றே கடலை அரை மீற்றருக்கு மேல் உயர்த்தப் போதுமானது. அதன்மேற் காற்றுத் தள்ளிவந்த நீர் வேறு. 900 பேருக்கு மேல் மாண்டனர். தென்னந்தோட்டங்கள் வீழ்ந்தன. இத்தகைய சூறாவளியின் மையம் கடக்கையிற் காற்றுச் சற்று ஓயும். அவ்வேளை வெளியே வருவது பேராபத்து. சிறிது நேரத்திற் காற்று எதிர்த்திசையிலிருந்து அறையும்.

பலூன் தோலைப் போத்தல் வாயிற் கட்டிப் பாரமானி செய்யும் மாணவர்கள், அது வெயிலுக்கும் அசையும் என்பதை மறவாதிருக்க. இன்று சில கைத்தொலைபேசிகளினுள்ளே நல்ல பாரமானி உண்டு. நம் நாட்டில் அமுக்கம் காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் இரண்டு மூன்று மில்லிபார் தாழ்ந்து, இரவு பத்துக்கு மீண்டும் உயரும். ஒரு மாதம் குறித்து வாருங்கள். கார்த்திகையில் ஒருநாள் இரவு பத்துக்கும் உயராமல் அது மேலும் தாழ்ந்து செல்லுமாயின், வானொலியைத் திறந்து வானிலை அறிவித்தலைக் கேளுங்கள்.