பிரான்ஸ்ல போனா அட்வென்ச்சர், மாம்பலத்துல போனா பஞ்சப்பாட்டா?

போன வாரம் மயிலாப்பூர்ல பெரியப்பா வீட்ல ஒரு கூட்டம். பெரியப்பா பையன் (எனக்கு எட்டு வருஷம் மூத்தவர், அண்ணா) பிரான்ஸ் போயிட்டு வந்திருக்கார். ஈஃபில் டவர் முன்னாடி நின்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டற பிரான்ஸ் இல்லை மக்களே. அண்ணாவும் அண்ணியும் சைக்கிளும் ரயிலுமா பத்து நாள் சுத்தியிருக்காங்க. லுவார் நதிக்கரையை ஒட்டியே சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்காம். அதுல கொஞ்சம் மிதிக்கிறது, கால் வலிச்சா பக்கத்து ஸ்டேஷன்ல சைக்கிளோட ரயில் ஏறிடறது.

கதைகதையா சொன்னார். மூணாவது நாள் கேரியர் நட்டு எங்கேயோ கழண்டு விழுந்து, பை ரோட்ல உருண்டு, கடைசில அண்ணியோட துப்பட்டாவால கட்டி இருபது கிலோமீட்டர் ஓட்டினது. எதிர்த் திசை ரயில்ல ரெண்டு சைக்கிளையும் ஏத்திட்டு, 'அடடே, ஆறு இந்தப் பக்கம்ல இருக்கணும்'னு முக்கால் மணி நேரம் கழிச்சுக் கண்டுபிடிச்சது. ஸ்ட்ரைக்னு ரயில் ரத்தாகி, பாஷை தெரியாத ஒரு ஊர்ல மழைக்கு ஒதுங்கின இடத்துலயே ராத்தங்கினது. கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. "என்னமா சமாளிச்சிருக்கான் பாரு"ன்னு பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கலை.

நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். பொய் இல்லை, அண்ணா கதை சொல்றதுல மன்னன்.

கிளம்பற நேரத்துல செருப்பு மாட்டிட்டே, "சைக்கிள்ல வந்தேன், இருட்டறதுக்குள்ள அடையாறு போகணும்"னு சொன்னேன். பெரியம்மா முகம் அப்படியே மாறிடுச்சு. "ஏண்டா, வண்டி ரிப்பேரா?" பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "வேலையெல்லாம் நல்லா போயிட்டிருக்கில்ல?" என்றார்.

அவ்வ்வ்வ்.

வீடு வர்ற வரைக்கும் மனசு ஆறலை. அதான் இந்தப் பதிவு. லுவார் கரையில் மிதித்தால் வீரம், மந்தைவெளியில் மிதித்தால் கடன் தொல்லை என்கிற இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது?

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும், எனக்கு மனப்பாடம். "அது ஐரோப்பா தம்பி. அங்க கல்ச்சரே வேற." கல்ச்சராவது கத்திரிக்காயாவது! பிரான்ஸ்காரன் தாயின் வயிற்றிலிருந்து சைக்கிளோட ரயில் ஏறிப் பிறக்கலை. அங்கேயும் அதிவேக ரயில்ல சைக்கிளுக்கு இடம் இருக்கா, முன்பதிவு கிடைக்குமான்னு இன்னிக்கும் சண்டைதான். அண்ணாவே ஒரு ரயிலை விட்டுட்டு அடுத்ததுக்குக் காத்திருந்த கதையைச் சொன்னார். சைக்கிள்காரங்க வருஷக்கணக்கா கத்தினாங்க. அதனால 2019 டிசம்பர்ல ஒரு சட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அதற்கான ஆணை வந்தது: புதுசா வாங்குற, புதுப்பிக்கிற ரயில்கள்ல சைக்கிளுக்கு இடம் விட்டே ஆகணும், பல வகை ரயில்களில் எட்டு சைக்கிளுக்கு. அதே 2021-ல ஐரோப்பிய ஒன்றியமும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. டென்மார்க்ல கோபன்ஹேகன் லோக்கல் ரயில்ல 2010-லேருந்து சைக்கிளுக்குத் தனி டிக்கெட்டே கிடையாது. இதெல்லாம் ரத்தத்துல வந்த பழக்கம் இல்லை. காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டது.

நம்ம கல்ச்சர்னு எதைச் சொல்றீங்க? சின்ன வயசுல ஊருக்குப் போற பஸ்ஸுக்குப் பின்னாடி ஏணி இருக்கும், மேல கேரியர் இருக்கும், ஞாபகம் இருக்கா? வாழைத்தார், கோழிக்கூடை, சைக்கிள் எல்லாம் டாப்புலதான் போகும். கண்டக்டர் லக்கேஜுக்கு ஒரு டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுப்பார், விஷயம் முடிஞ்சது. ஒருத்தரும் "உனக்கு வண்டி இல்லையா"ன்னு கேட்டதில்லை. அந்த ஏணியைக் கழட்டினது பிரெஞ்சுக்காரன் இல்லையே.

இன்னும் கேளுங்க. 1949-லேயே சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்ச ஊர் இது. அம்பத்தூர்லேருந்து போன ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. மிதிக்காத கால் தமிழ்நாட்ல கம்மி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, பிறகு அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளிகளோட பிளஸ் ஒன் பசங்க எல்லாருக்கும்னு ஆச்சு. 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் தனியா ஒரு கொள்கையே போட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்குற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அவங்களுக்குன்னு அதில் எழுதியிருக்கு. படிச்சா கண்ல தண்ணி வரும், அவ்வளவு அழகு. அடையாறு சிக்னல்ல நின்னு பார்த்தாலும் கண்ல தண்ணி வரும், அது புகையால.

சரி, ரயிலுக்கு வருவோம். ரயில்வே விதிப்படி சைக்கிளும் ஸ்கூட்டரும் ஒரே சாதி. மத்த சாமானுக்கெல்லாம் இலவச எடை உண்டு, ரெண்டாம் வகுப்புக்கு 35 கிலோ, ஸ்லீப்பருக்கு 40 கிலோ. சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. புக் பண்ணி, பிரேக் வேன்ல போடணும். பெட்டிக்குள்ள நீங்க கொண்டு போகலாம்னு சொல்ற பெட்டியோட அளவு 100 × 60 × 25 சென்டிமீட்டர். டேப் எடுத்து என் சைக்கிளை அளந்தேன். சக்கரத்தோட விட்டமே 60-ஐத் தாண்டுது :-)

வெளியூர் ரயிலுக்காவது பிரேக் வேன்னு ஒண்ணு இருக்கு. லோக்கல்ல, பறக்கும் ரயில்ல அதுக்கும் வழியில்லை. ஆக, உருட்டிக்கிட்டு ஏற முடியாது, புக் பண்ணவும் முடியாது.

ஆனா நான் ஒரு தடவை ஏறியிருக்கேன். எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஈ.சி.ஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பற வழி. திருவிடந்தை தாண்டினதும் டயர் வெடிச்சது. ட்யூப் இல்லை, டயரே. விரல் நுழையற அளவுக்குக் கிழிசல். அரை கிலோமீட்டர் தள்ளிட்டுப் போனா புளியமரத்தடில ஒரு கடை. பெரியவர் பார்த்தார், பேசலை. பழைய டயர்ல ஒரு துண்டை வெட்டினார், கிழிசலுக்கு உள்பக்கமா வச்சார், ட்யூப்ல பஞ்சர் ஒட்டினார், காத்தடிச்சார். "மெதுவா போங்க. வேகமா போனா நான் பொறுப்பில்ல." வாங்கின காசு ஒரு காபிக்குக் காணாது. மெதுவாத்தான் போனேன். கோவளம் தாண்டி அதுவும் போச்சு. அப்புறம் இளநீர் இறக்கிட்டுக் காலியா வந்த ஒரு குட்டி யானைல, சைக்கிளும் நானும் பின்னாடி கயித்துக்கு நடுவுல. டிரைவர் ஊருக்குள்ள வந்து ஒரு ஸ்டேஷன் வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டார்.

அங்கே உக்காந்து ரெண்டு சக்கரத்தையும் கழட்டினேன். ஹேண்டில்பாரைத் திருப்பினேன். கடைல ரெண்டு பழைய சாக்கு வாங்கிச் சுத்தி, கயிறு போட்டுக் கட்டி, பொணம் மாதிரி தோள்ல தூக்கிட்டுப் போனேன். மேல ஒருத்தர் நிறுத்தினார். "என்னப்பா இது?" "கட்டில் ஃப்ரேம் சார்." சாக்கு ஓட்டை வழியா பெடல் எட்டிப் பார்க்குது. அவர் பெடலைப் பார்த்தார், என் ஹெல்மெட்டைப் பார்த்தார். "இது சைக்கிள்னு எனக்குத் தெரியும். ஆனா இப்போதைக்கு சைக்கிள் மாதிரி இல்ல. போ."

தங்கமான மனுசன். இந்தக் கதையை நான் பத்து இடத்துல சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கேன். அண்ணா கதைக்குக் கொஞ்சமும் சளைச்சதில்லை.

ஆனா இப்போ யோசிச்சா அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்துது. ஏன்னா இதே கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு.

எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன், வயசு அறுபதைத் தொடப் போகுது. வீடு கந்தன்சாவடி பக்கம். ராத்திரி டூட்டி முடிச்சு காலைல சைக்கிள்லயே போவார். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஆட்டோ உரசிப் பின் சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சு போச்சு. கோட்டம் எடுத்தாலும் தேறாத வளைசல், போக்ஸ் கம்பி பாதி போச்சு. காலை ஆறு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? அந்தச் சைக்கிளோட பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தே போயிருக்கார். போற வழில பாதி தூரத்துக்குப் பக்கத்துலயே பறக்கும் ரயில் பாலம். "ரயில்ல போட்டிருக்கலாமே அண்ணே"ன்னேன். "எங்களை எல்லாம் ஏத்துவாங்களா தம்பி?"ன்னு கேட்டுட்டு கேட்டைத் திறக்கப் போயிட்டார். முயற்சி பண்ணிக்கூடப் பார்க்கலை.

என்கிட்ட ஹெல்மெட் இருந்தது, கண்ணாடி இருந்தது, தேவைப்பட்டா நாலு வார்த்தை இங்கிலீஷ் இருந்தது. அந்த அதிகாரி 'போ'ன்னது சைக்கிளைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. விதி இல்லாத இடத்துல தயவுதான் நடக்கும், தயவு ஆளைப் பார்த்துத்தான் வரும். நான் சமாளிச்சது என் சாமர்த்தியம்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். ஹிஹி.

அண்ணாவோட பத்து நாள் கூத்துக்கும் என் ஒருநாள் கூத்துக்கும் இதான் வித்தியாசம். அவர் துப்பட்டாவால கட்டினது நட்டு விழுந்ததாலதான். ஸ்டேஷனுக்குப் போனா சைக்கிளுக்கு இடம் இருக்குங்கறது எழுதி வச்ச விஷயம். தப்பான ரயில்ல ஏறினாக்கூட சைக்கிளோடதான் ஏறினார்! கீழே வலை இருக்கிறவன் கம்பி மேல நடந்து விழுந்தா அது வேடிக்கை. ஆனா நம்ம ஊர்ல ஒருத்தன் சமாளிச்சா உடனே "இந்தியன்டா"ன்னு போட்டோ போட்டு நெஞ்சை நிமிர்த்துறோம். ஒரே டிவிஎஸ்50-ல அஞ்சு பானையும் ரெண்டு பிள்ளையும் போற போட்டோவுக்கு எத்தனை கைதட்டல்! அந்த ஆளைக் கேட்டுப் பாருங்க, பெருமையா இருக்கான்னு.

இதுல ஈ.சி.ஆர் சைக்கிள் கோஷ்டியையும் விடறதா இல்லை. ஞாயித்துக்கிழமை விடியகாலைல காருக்குப் பின்னாடி லட்ச ரூபாய் சைக்கிளைத் தொங்கவிட்டு எடுத்துட்டு வந்து, ரோட்டோரம் காரை நிறுத்தி, நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு, திரும்பக் காருக்குள்ள. கேட்டா ஹெல்த். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்னு 1891-ல ஆரம்பிச்ச ஒரு சவாரி இருக்கு, 1200 கிலோமீட்டர், அதைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. அதுக்குத் தகுதி பெற 200, 300, 400, 600-னு ஓட்டற ஆட்கள் சென்னைலயும் இருக்காங்க, அவங்களுக்கு என் கும்பிடு. ஆனா அத்தனை பேர்ல ஒருத்தராவது "லோக்கல் ரயில்ல சைக்கிளை விடு"ன்னு ஒரு மனு எழுதியிருக்கலாம்ல? உங்களுக்குக் கார் இருக்கு, அதனால தேவைப்படலை. வாட்ச்மேன் அண்ணனுக்குத் தேவை, ஆனா அவருக்கு மனு எழுத வராது.

"கூட்டத்துல எப்படிப்பா?"ன்னு கேக்கறவங்களுக்கு. காலை எட்டரைக்கு மாம்பலத்துல சைக்கிளோட ஏறணும்னு நானும் கேக்கலை, எனக்கும் உயிர் மேல ஆசை உண்டு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தை நம்பித்தான் 2023-ல ஸ்டேஷன்லேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாயத்துல நடைபாதையே போட்டாங்க. ஆனா பறக்கும் ரயில்? 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரின்னு தவழ்ந்து தவழ்ந்து வந்த ரயில். ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் கல்யாண மண்டபம் சைஸ். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெட்டில உக்காந்து பாருங்க, எதிர் சீட்டு ஆளுக்குக் கேக்கணும்னா கத்தணும். அங்கே பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும், ஞாயித்துக்கிழமை முழுசா, ஒரே ஒரு பெட்டில, பத்து ரூபா லக்கேஜ் டிக்கெட்ல விட்டா என்ன குடி முழுகிடும்? படிக்கட்டோரமா சக்கரம் உருள ஒரு சிமென்ட் காடி போட எத்தனை மூட்டை சிமென்ட் ஆகும்? பக்கத்து மாநிலத்துல கொச்சி மெட்ரோ 2020 நவம்பர்லயே சைக்கிளை உள்ளே விட்டாங்க. மலையாளிக்கு என்ன பிரெஞ்சு ரத்தமா?

"அது மத்திய அரசு, ரயில்வே, நாம என்ன பண்ண"ன்னு கை விரிக்காதீங்க. பறக்கும் ரயிலோட ரெண்டாம் கட்டத்துக்கு மூணுல ரெண்டு பங்கு பணம் போட்டது மாநில அரசு. நம்ம வரிப்பணம். கேக்க வாய் உண்டு.

நான் மனு எழுதியாச்சு, ரெண்டு பக்கம், தமிழ்ல. வாட்ச்மேன் அண்ணன் முதல் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் நிதானமா படிச்சுட்டு, "ஏறும்போது தூக்கிவிட ஆள் இருக்குமான்னு கேட்டிருக்கலாமே"ன்னார். சேத்துட்டேன். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இருக்கற பதிவர்கள் யாராவது கையெழுத்துப் போட விருப்பம்னா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன். சைக்கிள்லதான் வருவேன், கடன் கேக்க வர்றான்னு நினைச்சுக் கதவைச் சாத்திடாதீங்க.

டிஸ்கி: அண்ணாவுக்கு முன்கூட்டியே படிக்க அனுப்பினேன். "மனுல என் பேரையும் போடு. ஆனா அந்தத் துப்பட்டா மேட்டரை ஏண்டா எழுதின, அது அவளோட பட்டுத் துப்பட்டா, இன்னும் அவளுக்கே தெரியாது"ன்னு பதில் வந்திருக்கு. ஸாரி அண்ணா.