வாட்ச் காட்டுற பிபியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க

"வளையுற பிளாஸ்டிக் சென்சார் வந்தாச்சு, இனி கையில பட்டை கட்டி பிபி பார்க்கவே வேண்டாம்"னு பேசுறவங்களுக்காக இந்த த்ரெட்.

அந்த பிளாஸ்டிக் பேரு பிவிடிஎஃப். அழுத்தினா மின்னூட்டம் தரும்னு 1969-லேயே ஜப்பான்ல கவாய் கண்டுபிடிச்சுட்டார். அருமையான பொருள்தான். மெல்லிய படலமா மணிக்கட்டுல ஒட்டினா ஒவ்வொரு நாடித்துடிப்பும் அலையா பதிவாகும்.

ஆனா அதுக்குத் தெரியுறது மாற்றம் மட்டும்தான். விரலால அழுத்தி அப்படியே வச்சுப் பாருங்க. முதல்ல சிக்னல் வரும், அப்புறம் மின்னூட்டம் கசிஞ்சு பூஜ்யத்துக்கு வந்துடும். விரல் என்னவோ அங்கேயேதான் இருக்கும்!

ஆக, துடிப்போட வடிவம் கிடைக்கும். பிபி 120-ஆ 160-ஆன்னு நேரடியா கிடைக்காது. அந்த நம்பர் மென்பொருள் போடுற கணக்கு. கணக்குக்கு ஆரம்பப் புள்ளி எங்கிருந்து வருது? அதே பழைய பட்டை மெஷின்ல இருந்து! ஒளியை வச்சு பிபி சொல்ற சாம்சங் வாட்ச்சுக்கும் இதே கதைதான், 28 நாளுக்கு ஒருமுறை பட்டை மெஷினோட ஒப்பிட்டு சரிபண்ணணும். இதை விளம்பரத்துல எத்தனை பேர் பெருசா போடுறாங்க?

பட்டை இல்லாத கருவிகளை வச்சு நோயைக் கண்டறியவோ சிகிச்சையை மாத்தவோ வேண்டாம்னுதான் ஐரோப்பிய உயர் ரத்த அழுத்த சங்கமும் சொல்லுது.

பிபி ஏறினா பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. வாட்ச்ல 120/80 பார்த்துட்டு மாத்திரையை விட்டா, உள்ள என்ன நடக்குதுன்னு பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும். அப்போ வாட்ச் வித்தவர் வந்து நிக்க மாட்டார்.

மேல்கையில கட்டுற மெஷின் வாங்குங்க. பட்டை உங்க கை அளவுக்குப் பொருந்தணும். 5 நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டு பாருங்க. அந்த நம்பரை எழுதிட்டு வாங்க, மாத்திரையைப் பத்தி அப்புறம் பேசலாம்.