எண்ணுதல் மரத்தடியில் தொடங்கட்டும்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பித்துவிட்டால் பெற்றோர் பெருமகிழ்ச்சி அடைகின்றனர். அம்மகிழ்ச்சி இயல்பே. ஆயினும், அக்குழந்தையின் முன் ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி, "எத்தனை?" என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். விரல் ஒரு கொட்டையைத் தாண்டிச் செல்லும். வாய் ஒரு கொட்டைக்கு இரண்டு எண்களைச் சொல்லிவிடும். எண்ணி முடித்த பின்னர் மறுபடியும் "எத்தனை?" என்றால், "ஏழு" என்று விடை கூறாமல் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் குழந்தைகள் பலர். எண்களின் பெயரை அறிவது வேறு, எண்ணுவது வேறு என்பது இதனால் விளங்கும்.

எண்ணுதலில் மூன்று திறன்கள் அடங்கியுள்ளன. எண்ணுப் பெயர்களை வரிசை பிறழாது கூறுதல் ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு பெயரே எனப் பொருத்துதல் மற்றொன்று. இறுதியிற் சொன்ன எண்ணே அக்குவியலின் தொகை என உணர்தல் மூன்றாவது. கெல்மன், கேலிஸ்டல் என்னும் உளநூல் அறிஞர் இருவர் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவற்றை விளக்கியுள்ளனர். முதல் திறன் ஒப்பித்தலால் கைகூடலாம். ஏனைய இரண்டும் பொருள்களைத் தொட்டும் நகர்த்தியும் பிரித்தும் சேர்த்தும் பழகினாலன்றி வாரா.

அப்பழக்கத்திற்கு வேண்டிய பொருள்கள் நம் வாயிற்புறத்திலேயே கிடக்கின்றன. வில்வத்தில் மூன்று இலை, செம்பருத்தியில் ஐந்து இதழ் எனப் பறித்துக் காட்டினால், எண்ணாமலே கண்டறியும் சிறு தொகைகள் குழந்தையின் மனத்திற் பதியும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் செய்தால், இருபது என்ற சொல்லே இரண்டு பத்து என்று பொருள் தருவதைக் குழந்தை கையாலேயே அறிந்துகொள்ளும்.

1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில், நெசவாளருக்கு உவப்பான கருவி ஒன்று உண்டு. 0 முதல் 9 வரை குறித்த அறைகளில், 45 கதிர்களை எண்ணி இடச் செய்வர். நாம் மரத்தடியில் பத்துக் குழிகள் தோண்டி, 45 கூழாங்கற்களைக் கொடுத்தால் அதுவே போதும். இறுதியில் ஒரு கல் மிஞ்சினாலோ குறைந்தாலோ, தன் பிழையைக் குழந்தை தானே காணும். எவரும் அதட்ட வேண்டுவதில்லை. வெறுமையாக நிற்கும் முதற்குழி சுழியத்தையும் கற்பித்துவிடும். ஐந்து வயதானபின் பல்லாங்குழிக்குச் செல்லலாம். குழிக்கு 5 காய் வீதம் 14 குழிகளில் 70 காய்களை எடுத்து விளையாடும் குழந்தைக்குக் கூட்டலும் கழித்தலும் விளையாட்டாகவே வந்து சேரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. குன்றிமணியும், வரப்போரத்து ஆமணக்கு விதையும், அரளிக்காயும் நஞ்சு. அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுத்தல் ஆகாது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குச் சிறு கற்களும் கொட்டைகளும் வேண்டா. வாயிலிட்டு விழுங்கக்கூடும்.

"விளையாட்டிற் காலம் வீணாகாதா? பலகையும் புத்தகமும் எதற்கு?" என்று சிலர் வினவுவர். பலகை வேண்டியதே, ஆனால் ஐந்து என்னும் தொகையை அறியாத குழந்தைக்கு 5 என்னும் குறி வெறுங்கோடேயாகும். முன்னது கையில் நிலைத்தபின் பின்னதை எழுதப் பழகுதல் எளிது.

இதைக் கூட்டுறவு இதழில் எழுதுவானேன்? சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடத்து, தம் பற்றுவரவுப் புத்தகத்தைத் தாமே சரிபாராது, எழுத்தர் கூறிய தொகையை ஏற்றுக் கைந்நாட்டிடும் உறுப்பினர்களைக் காண்கிறேன். அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். பாவுக்கு இழை எண்ணுவதில் ஒன்றேனும் பிசகாதவர்கள். எழுதிய கணக்கைக் கண்டதும் அஞ்சுபவர்கள். கைக்கும் ஏட்டுக்கும் இடையே இளமையிற் பாலம் அமையாமையே அவ்வச்சத்திற்குக் காரணம் என்பது என் கருத்து. உறுப்பினர் கணக்குக் கேளாத சங்கம் நெடுநாள் நேர்மையாக நடவாது.

2022ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடக்கத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு உரியதாய் இருந்தது. அதற்கு முந்திய வயதினர் அங்கன்வாடியிலும் வீட்டிலும் இருக்கின்றனர். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேரில் நெசவாளரும் இருந்தனர். அச்சங்கம் பின்னர்த் தன் ஆதாயத்தில் 100க்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. நாம் கேட்பது அவ்வளவு பணமும் அன்று. சங்கக் கட்டடத்தின் முன்னுள்ள மரநிழல், காலையில் அரைமணி நேரம், குழந்தைகளைக் கண்காணிக்க மூத்த உறுப்பினர் ஒருவர் ஆகிய இவையே போதும். வரும் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு உறுப்பினர் பெருமக்களை வேண்டுகிறேன்.