ரெண்டும் பொண்ணா?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் வில்லியனூர் பஸ்ஸில் ஒரு அம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு ஏறினால், வில்லியனூர் வருவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: ``ரெண்டும் பொண்ணா?'' கேள்வியில் பாதி விசாரிப்பு, மீதி அனுதாபம். கேட்பவர் கெட்டவர் கிடையாது. அடுத்த நிமிடமே சின்னவளை மடியில் உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டையும் எடுத்துக் கொடுப்பார். ஆனால், கேள்வியைக் கேட்காமல் மட்டும் இறங்க மாட்டார்.

என் அக்காவுக்கு ரெண்டும் பொண்ணுதான். பெரியவளுக்கு 8 வயது, சின்னவளுக்கு 4. பாகூர் பக்கம் கட்டிக்கொடுத்தது. அக்கா இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். ``ஆமாங்க, ரெண்டும் பொண்ணு. நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்களா?'' அதற்குமேல் பேச்சு நீளாது. நீள்வது வீட்டில்தான். அக்காவின் மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. பேத்திகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிடும்போது, ``இன்னொண்ணு பார்த்திருக்கலாம்'' என்று எண்ணெய்க் கிண்ணத்திடம் சொல்வதுபோலச் சொல்வார்.

காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரியவளுக்கு ரெட்டை ஜடை. அதில் ஒரு ஜடை மேலே, ஒன்று கீழே இருந்தால் ஸ்கூலுக்கே போக மாட்டாள். சின்னவளுக்கு அக்காவின் ரிப்பன்தான் வேண்டும், அக்காவின் தட்டுதான் வேண்டும், அக்காவின் தோசைதான் வேண்டும். அதே மாவு, அதே கல், அதே அம்மா... ஆனாலும் அக்காவின் தோசை. அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ-க்கு மாறியதிலிருந்து, ஹோம்வொர்க் நோட்டைத் திறந்தால் பிள்ளையைவிட அம்மாவுக்குத்தான் முதலில் வியர்க்கிறது. வயலுக்குப் போயிருக்கும் மாமா சாப்பிட வருவதற்குள், இரண்டு சண்டை, ஒரு சமாதானம், தொலைந்துபோன ஒரு சாக்ஸ் எல்லாம் முடிந்திருக்கும்.

இப்படி இரண்டு பெண்கள் வளர்ந்த ஒரு வீடு நம்ம ஊரிலேயே ரொம்பப் பிரபலம். ஸ்கூல் டூரில் வரிசையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதியார் நினைவு இல்லம். தலைப்பாகை, மீசை, கையெழுத்துப் பிரதி எல்லாவற்றையும் காட்டுவார்கள். `இந்த வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?' என்று யாரும் கேட்பதில்லை.

பாரதி 1908-ல் சென்னையிலிருந்து தப்பித்துப் புதுச்சேரிக்கு வந்தார். அப்போது மூத்தவள் தங்கம்மாளுக்கு 4 வயது. இளையவள் சகுந்தலா பிறந்ததே அந்த வருஷம்தான். பாரதி 1918 நவம்பரில் இங்கிருந்து கிளம்பி, 20-ம் தேதி கடலூரில் கைதானபோது, மூத்தவளுக்கு 14, இளையவளுக்கு 10. கணக்குப் போட்டால், இரண்டு பெண்களின் குழந்தைப் பருவம் பெரும்பாலும் அப்பாவின் புதுச்சேரிக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது? `இந்தியா' பத்திரிகை புதுச்சேரிக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஓடவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் தடைபோட்டதும் 1910-ல் நின்றுபோனது. வருமானம் அங்கேயே அடிபட்டது. தெருமுனையில் போலீஸ் ஒற்றர்கள். கடிதம் வந்தால் யாரோ பிரித்துப் படித்திருப்பார்கள். பணம் அனுப்ப நினைப்பவர்களுக்கும் பயம். மளிகைக் கடையில் கணக்கு ஏறிக்கொண்டே போகிற வீடு, வாடகை பாக்கி வைத்த வீடு. வீட்டுச் சொந்தக்காரருக்கு பாரதி வைத்த பெயர் `விளக்கெண்ணெய்ச் செட்டியார்'. வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலேயே போய்விடுவார். இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் இன்று கிடைத்தால் கோயிலே கட்டலாம்!

குருவிக்கு அரிசி போட்ட கதை உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கிவந்த அரிசியை செல்லம்மா முறத்தில் வைத்துவிட்டு உள்ளே போக, பாரதி அதை அள்ளி முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டார் என்று சொல்வார்களே, அதேதான். இந்தக் கதையை நாம் எப்போதும் குருவிகள் பக்கம் நின்றே சொல்கிறோம். மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். எனக்கு மட்டும் கண் முறத்தின் மேலேயே நிற்கிறது. இன்னொருமுறை பக்கத்து வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தை நீட்டியவர் யார்? `அம்மா, பசிக்குது' என்று யாரிடம் போய் நின்றிருப்பார்கள் அந்த இரண்டு பெண்களும்? கவிஞரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. செல்லம்மாவுக்கும் அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு போக வேண்டும், அவ்வளவுதான்.

செல்லம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1897-ல். அப்போது அவருக்கு வயது 7. மாப்பிள்ளைக்கு 14. பெரியவளின் வயதைவிட ஒன்று குறைவு என்று அக்காவிடம் சொன்னபோது, ஜடை பின்னிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போய்த் திரும்பும் வழியில் பாரதி சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். `மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?' என்று அவர் கேட்ட கேள்விதான் பெண் விடுதலை பற்றிய பாரதியின் எண்ணத்தைத் திருப்பிவிட்டது என்பார்கள். அது ஒரு நாள் சந்திப்பு. வீட்டுக்குள் இரண்டு பெண்கள் தினமும் கேள்வி கேட்டு வளர்ந்தார்களே, அது எத்தனை திருப்பங்களைக் கொடுத்திருக்கும்? வீட்டில் `பாப்பா' என்றால் சகுந்தலாதான். பாப்பா பாட்டு 1915-ல் அச்சேறியபோது பாப்பாவுக்கு வயது 7. நாம் ஒன்றாம் வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிப் பாடிய பாட்டு, இந்த ஊரில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு நிஜப் பெண்குழந்தையின் வீட்டுப் பாட்டு.

தங்கம்மாள் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். பாரதி வீட்டில் பெண்கள் கூடிய ஒரு நாளில், பெண் விடுதலைக்காகத் தமிழ்ப் பெண்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரையை எழுந்து நின்று வாசித்தவர் தங்கம்மாள். இன்றும் பாரதியின் கட்டுரைத் தொகுப்பில் அது இருக்கிறது. வார்த்தைகளில் அப்பாவின் கை தெரிகிறது என்பீர்கள். இருக்கட்டும். பெண்கள் கூடிய சபையில், 14 வயதைத் தாண்டாத ஒரு பெண்ணை நிற்கவைத்து வாசிக்கச் சொன்னதே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். நம் வீட்டு விசேஷங்களில் பெண்பிள்ளையை முன்னால் அழைப்பது பெரும்பாலும் ஆரத்தித் தட்டு தூக்கத்தானே!

அந்தத் தெருக்களில் இவர்களோடு விளையாடி வளர்ந்த இன்னொரு சிறுமி, யதுகிரி. மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியாரின் மகள். பின்னாளில் `பாரதி நினைவுகள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். செல்லம்மாவின் பெயரில் 1941-ல் பாரதியின் வாழ்க்கை வரலாறு வந்தது. சகுந்தலாவும் அப்பாவைப் பற்றி எழுதினார். யோசித்துப் பார்த்தால், புதுச்சேரி பாரதியின் அடுப்படியும் கடற்கரையும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எழுதிவைத்ததால்தான். ரெண்டும் பொண்ணாக இருந்ததில் நமக்கு லாபமே!

1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு. புதுச்சேரியைப் பெரும்புயல் அடித்த நாள். `தானே' புயல் வந்த 2011 டிசம்பரை நினைவிருப்பவர்களுக்கு அந்த இரவை விளக்க வேண்டியதில்லை. பாகூர் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்ததை எங்கள் வீட்டில் இன்னமும் பேசுகிறார்கள். 1916 புயலைப் பற்றி பாரதி எழுதியது கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதுபோல இருக்கும். முன்பிருந்த வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்கிற நடுக்கம் அதில் வரும். அது இரண்டு பெண் குழந்தைகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவின் நடுக்கம்.

சரி, நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தது ஒரு விஷயத்துக்காக. பெண் விடுதலை பற்றிய கட்டுரை ஒன்றில் பாரதி சில கோரிக்கைகளை வரிசையாக அடுக்குகிறார். பருவம் வருவதற்கு முன் கல்யாணம் கூடாது, இஷ்டமில்லாதவனைக் கட்டிவைக்கக் கூடாது என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, அப்பா வழிச் சொத்தில் பெண் குழந்தைகளுக்கும் சம பங்கு. தனக்கென்று ஒரு காணி நிலம்கூட இல்லாமல் வாடகை வீட்டில் இருந்த மனிதர் எழுதியது.

இது சட்டமாக எத்தனை காலம் ஆனது தெரியுமா? தமிழ்நாட்டில் 1989-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பங்கு என்றார்கள். கடலூர்க்காரப் பெண்ணுக்கு அது கிடைத்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாகூர்க்காரப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஏனென்றால், நாம் தனி யூனியன் பிரதேசம். பாராளுமன்றம் நாடு முழுவதுக்குமாகத் திருத்தம் செய்து, அது 2005 செப்டம்பர் 9 அன்று அமலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. உரிமை பிறப்பால் வருவது, அப்பா இருந்தாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல என்றது.

சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததா? நம்ம பக்கத்தில் இதன் பெயர் `விடுதலைப் பத்திரம்'. பெயரைப் பாருங்கள்! அண்ணன் தம்பிகள் ஒரு நாள் வீட்டுக்கு வருவார்கள், வெற்றிலைப் பாக்கோடு. ``உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே... ஒரு கையெழுத்துதான்.'' கையெழுத்து போட்டால் சொத்து போகும், போடாவிட்டால் தாய்வீடு போகும். அடுத்த பொங்கலுக்கு சீர் வராது என்பதுகூட இல்லை, கூப்பிட ஆள் இருக்காது. நிறைய அக்காக்கள் தாய்வீட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், படிக்காமல் போடாதீர்கள். எந்த சர்வே நம்பர், எவ்வளவு குழி, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒருமுறையாவது வாசித்துக் கேளுங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து பிரித்த பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. அதுபோக, புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து வழக்கம், உயில் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தனிக் கதை உண்டு. உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

நிலம் இல்லாத வீடுகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015-லிருந்து இருக்கிறது. மகளுக்கு 10 வயது ஆவதற்குள் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும், 21-வது வருஷத்தில் முதிர்வு. 18 வயதில் மேற்படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவிகிதம் ஆக்கப்பட்டது. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெண்கள் பெயரில்தான் கணக்கு, இரட்டையர்கள் பிறந்தால் விலக்கு உண்டு. ஆக, `ரெண்டும் பொண்ணா?' என்று முகம் சுளிக்காமல் கேட்கிற ஒரே கவுன்ட்டர் தபால் நிலையத்தில்தான் இருக்கிறது!

2023 பட்ஜெட்டில் முதல்வர் ரங்கசாமி, பெண் குழந்தை பிறந்தால் அதன் பெயரில் 50,000 ரூபாய் வங்கியில் 18 வருஷத்துக்கு டெபாசிட் செய்யப்படும் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு பெண் பிறந்த வீடுகள், உங்கள் பகுதி அங்கன்வாடியில் விசாரித்து வையுங்கள்.

அக்காவின் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அவரே சின்னவளைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையம் போய், தன் முதியோர் பென்ஷனில் 500 ரூபாயை எடுத்துக் கட்டிவிட்டு வந்தார். பெரியவளுக்குக் கோபம். ``எனக்கு ஏன் கட்டலை, ஆயா?'' ``உனக்கு அடுத்த மாசம்டி.'' அதெல்லாம் முடியாது, இப்போதே வேண்டும் என்று அழுகை. அன்று சாயங்காலமே மாமா இன்னொரு 500 ரூபாயை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. நிலத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை.

1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி பாடல்களின் உரிமையை வாங்கியது. குடும்பத்துக்குக் கொடுத்தது 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கு 5,000, தங்கம்மாளுக்கு 5,000, சகுந்தலாவுக்கு 5,000.