'கல்யாணம் ஆனதும் குழந்தை பெத்துக்கோ!' - பி.சி.ஓ.எஸ் இருந்தால் தள்ளிப்போடவே கூடாதா?

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது என்று 20 வயதில் டாக்டரிடம் போகும் பெண்ணுக்கு, 'பி.சி.ஓ.எஸ்' என்று எழுதிய சீட்டோடு ஓர் அறிவுரையும் கிடைத்துவிடுகிறது. "கல்யாணம் ஆனதும் தள்ளிப்போடாம குழந்தை பெத்துக்கோம்மா." ஏன், எத்தனை வயதுக்குள் என்று டாக்டரும் சொல்வதில்லை, கூடப்போன அம்மாவும் கேட்பதில்லை.

27 வயதில் கல்யாணம் ஆகும்போது அந்த ஒரு வரிதான் தலைக்குள் ஓடுகிறது. புது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவரின் சம்பளத்தில் பாதி கடனுக்குப் போகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவே நாள் போதவில்லை. ஆனாலும், 'இப்போ விட்டா அப்புறம் கிடைக்காம போயிடுமோ' என்ற பயத்திலேயே பலர் முயற்சியை ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு எவ்வளவு நியாயம் இருக்கிறது?

பி.சி.ஓ.எஸ் என்றால் கருமுட்டை இல்லை என்று அர்த்தமில்லை. முட்டைகள் இருக்கின்றன. அவை மாதாமாதம் முதிர்ந்து வெளியே வருவதில்தான் சிக்கல். உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு அதில் 5 முதல் 10 சதவிகிதம் குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு சீராகிவிடுகிறது. அப்படியும் ஆகாதவர்களுக்கு, முட்டை வெளியேற உதவ லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஆகவே, பி.சி.ஓ.எஸ் மட்டும்தான் பிரச்னை என்றால், 27-ல் ஆரம்பிப்பதற்கும் 29-ல் ஆரம்பிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 29-க்கும் 36-க்கும் நிச்சயம் இருக்கும். 35-க்குப் பிறகு முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைவது, பி.சி.ஓ.எஸ் இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் பொது.

எண்டோமெட்ரியோசிஸ் கதை வேறு. மாதவிலக்கு நேரத்தில் சுருண்டு படுக்க வைக்கும் வலியோடு வரும் இந்த நோய், சினைப்பையையும் கருக்குழாயையும் பாதிக்கக்கூடியது. சினைப்பையில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40-க்கு முன்பே மாதவிலக்கு நின்றுபோன பெண்கள் ஆகியோரும் 'ரெண்டு வருஷம் போகட்டும்' என்று தாங்களாகவே முடிவெடுக்கக் கூடாது. முதலில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

எத்தனை குழந்தை வேண்டும் என்பதையும் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் கணினி மாதிரி ஒன்றின் மூலம் இதைக் கணக்கிட்டார்கள். ஐ.வி.எஃப் உதவியில்லாமல் ஒரு குழந்தைக்கு 90 சதவிகித வாய்ப்பு வேண்டுமென்றால், பெண்ணுக்கு 32 வயதாகும்போது முயற்சியைத் தொடங்க வேண்டும். இரண்டு குழந்தைகள் வேண்டுமென்றால் 27 வயதில். இது பொதுவான தம்பதிகளுக்கான கணக்கு. ஏற்கெனவே ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தவர்கள் இதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே யோசிப்பது நல்லது.

'ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டு வாங்க' என்று சொல்வார்களே, அது 35 வயதுக்குள், மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்களுக்கு. 35-ஐத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களிலேயே ஏ.எம்.ஹெச் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அந்த எண் குறைவாக இருப்பதைப் பார்த்ததுமே அழுகிறவர்கள் உண்டு. சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவைத்தான் அது தோராயமாகக் காட்டும். இயற்கையாகக் கருத்தரிக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின்மைப் பிரச்னை இல்லாத, 30 வயதைத் தாண்டிய பெண்களில் ஏ.எம்.ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தது தெரியவந்தது.

மனைவி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று ஒரு சுற்று முடித்த பிறகுதான் பல வீடுகளில் கணவரின் முறை வருகிறது. அதுவும் 'அவனுக்கு என்ன குறை?' என்ற முணுமுணுப்போடு. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக்கும் பங்கு இருக்கிறது. விந்தணுப் பரிசோதனையில் ஊசி கிடையாது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்கு மேல் ஆவதால், இன்று சிகரெட்டை விட்டால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் தம்பதியும் இந்தப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளலாம். ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு அந்த முடிவே மாறக்கூடும்.

தள்ளிப்போடுபவர்கள் மாதவிலக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும் என்பதால் சிகிச்சை அவசியம். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ருபெல்லா தடுப்பூசி போடுவதாக இருந்தால், அதன் பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

'எனக்குத்தான் பி.சி.ஓ.எஸ் ஆச்சே, எங்கே நிற்கப்போகுது' என்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்துவிட்டு, எதிர்பாராமல் கர்ப்பமாகி டாக்டரிடம் வருபவர்களும் இருக்கிறார்கள். முட்டை எப்போது வெளியேறும் என்று தெரியாத உடம்பில் நாள் பார்த்து ஒதுங்குவது பலிக்காது. இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், எந்தக் கருத்தடை முறை தங்களுக்கு ஒத்துவரும் என்பதையும் அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கைச் சீராக்கவும் உதவும் கருத்தடை மாத்திரைகள் இருக்கின்றன.