மேடையேறியவர்களின் பெயரை யார் எழுதிவைப்பது?

2018 ஜனவரி 6, சனிக்கிழமை மாலை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானம் நிரம்பியிருந்தது. மேடையில் கோட்டும் சூட்டும் அணிந்த 19 பேர். கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். சட்டியும் கட்டமோளமும் பறையும் இன்னொரு பக்கம். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே பாட்டுக்குள் வந்து விழுந்தன. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுக்கு அதுதான் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து பிறந்த பெயர் அது.

அந்த 19 பேரில் எத்தனை பேருடைய பெயர் இன்று வாசகருக்குத் தெரியும்? டென்மா, அறிவு, இசைவாணி என்று மூன்று பெயர் சட்டென்று வரும். யோசித்தால் இன்னும் ஒன்றிரண்டு வரலாம். அதற்கு மேல் பலருக்கும் நினைவு வராது. அன்று சட்டி அடித்தவர் யார், கட்டமோளம் வாசித்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் தேட வேண்டும். இத்தனைக்கும் தமிழகத்தின் சுயாதீன இசைக் குழுக்களில் ஊடகங்கள் அதிகம் பேசிய குழு இதுதான். மற்றவற்றின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இசையைப் பற்றி எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதியவர் கல்கி. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், தமிழில் பாடு என்று கேட்டவர்களுக்கு அவருடைய பேனா பெரிய பலம். பின்னால் விமர்சகர் சுப்புடு வந்தார். வித்வான்கள் அவர் எழுத்துக்கு அஞ்சவும் செய்தார்கள், காத்திருக்கவும் செய்தார்கள். மார்கழி பிறந்தால் எந்த சபாவில் யார் பாடினார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்பதெல்லாம் இன்றும் அச்சில் வருகின்றன. சினிமா பாட்டுக்கோ பாட்டுப் புத்தகம் இருந்தது. வாமனனின் ‘திரை இசை அலைகள்’ போன்ற நூல்கள் இருக்கின்றன.

சபாவும் ஸ்டூடியோவும் இல்லாத இசைக்கு மட்டும் இந்தப் பழக்கம் வந்து சேரவில்லை.

வடசென்னையில் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானாக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர்கள் சினிமா தொட்டவர்கள் மட்டுமே. கானா உலகநாதன் 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் தோன்றிப் பாடிய பிறகே பட்டிதொட்டியெங்கும் அறியப்பட்டார். கானா பாலாவுக்கு 2012இல் ‘அட்டகத்தி’ தேவைப்பட்டது. இசையமைப்பாளர் ஷான் ரோல்டன் 2014இல் திரைக்கு வருவதற்கு முன்பே நண்பர்களோடு குழு வைத்துச் சொந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பத்தை வெளியிட்டபோது அவர்களிடம் எந்தப் படமும் இல்லை. ஆனால் இவர்களைப் பற்றிய பேட்டிகளில் இந்த முன்கதை பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துபோகிறது. சினிமா வாசலில்தான் கலைஞன் பிறக்கிறான் என்பதுபோல நாம் எழுதிப் பழகிவிட்டோம்.

உள்ளூர் இசையை ஒருவர் விடாமல் பின்தொடர்ந்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 1980இல் அமெரிக்காவின் ஒலிம்பியா என்ற சிறு நகரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த புரூஸ் பாவிட், பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத வட்டாரக் குழுக்களைப் பற்றிக் கையடக்கப் பத்திரிகை ஒன்றை நடத்தத் தொடங்கினார். சில இதழ்களைக் காகிதத்தில் அச்சிடாமல் பாட்டுகள் பதிந்த கேசட்டாகவே கொடுத்தார். 1983 முதல் பக்கத்து நகரமான சியாட்டிலின் ‘தி ராக்கெட்’ பத்திரிகையில் பத்தி எழுதினார். எழுதி எழுதி, 1986இல் தானே ஒரு தொகுப்பு இசைத்தட்டு வெளியிட்டார். 1988 இறுதியில் அவரும் கூட்டாளி ஜொனாதன் போன்மேனும் நடத்திய ‘சப் பாப்’ நிறுவனம், பெயர் தெரியாத ஒரு குழுவின் முதல் சிங்கிள் தட்டை ஆயிரம் பிரதி போட்டது. ஒவ்வொன்றிலும் கையால் எண் எழுதப்பட்டது. அந்தக் குழுவின் பெயர் நிர்வாணா. மூன்றே ஆண்டில் உலகமே சியாட்டிலைத் திரும்பிப் பார்த்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1993இல் அமித் சைகலும் ஷீனா கமத்தும் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தொடங்கியது மும்பையிலோ டெல்லியிலோ அல்ல, அலகாபாத்தில். இணையம் வீட்டுக்கு வராத காலம். ஷில்லாங்கில் வாசிப்பவனுக்குப் பெங்களூரில் ஒரு குழு இருப்பது அந்தப் பத்திரிகை மூலம் தெரிந்தது. பத்திரிகையோடு நிற்காமல் விழாவும் நடத்தினார்கள், தொகுப்புகளும் வெளியிட்டார்கள். இந்திய ராக் இசையின் முப்பது ஆண்டுக் கதையை எழுத உட்காரும் எவரும் அந்தப் பழைய இதழ்களைப் புரட்டாமல் எழுத முடியாது.

இந்த இரண்டு கதைகளிலும் எழுதியவர்கள் பெரிய இசை மேதைகள் இல்லை. நிகழ்ச்சி நடந்த இடத்தில் இருந்தார்கள், பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள், அடுத்த ஊருக்குச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

பெயரைக் குறிப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் கதை பாடம். 2021 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பாட்டு, கோடிக்கணக்கானோர் கேட்ட சுயாதீனத் தமிழ்ப் பாடலாக ஆனது. அறிவும் தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதற்குள் வைத்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில், அறிவு வரிகள் எழுதிய இரண்டு பாட்டுகளைக் கொண்டாடும்போது தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், எதிர்ப்பு பெருகியது, பத்திரிகை அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை போட்டது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தபோது, யாருடைய உழைப்பு எவ்வளவு என்ற விவாதம் மறுபடி வெடித்தது. அந்த வழக்கை இங்கே தீர்த்துவைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பாட்டு பிறந்த நாளிலேயே அருகிலிருந்து யாராவது முழுமையாக எழுதிவைத்திருந்தால், சண்டையில் பாதிக்கு இடமே இருந்திருக்காது.

எல்லோர் பெயரும் சேர்ந்து நின்ற ஒரு பாட்டும் நம்மிடம் உண்டு. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’. எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்த காணொளி. முகமூடி மாட்டிய கர்னாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த தண்ணீர். சபா மேடையில் கேட்ட ஆனந்தபைரவியும் பேகடாவும் அங்கே சென்னைப் பேச்சுத் தமிழில் ஒலிக்கின்றன. வரிகள் எழுதியவர் கபேர் வாசுகி, டென்மாவோடு ‘குரங்கன்’ குழுவில் இருந்த சுயாதீனப் பாடகர். மெட்டு அமைத்தவர் வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் அந்த முயற்சியில் இருந்தார்.

இந்தப் பெயர்களை ஒரு கோட்டில் நிறுத்திப் பார்த்தால்தான் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால் நடந்ததும் புரியும். 2015 ஜூலையில் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மாசைப் பற்றிப் பாடிய பாட்டும் இதே ரதீந்திரன் இயக்கியதுதான். ஆலை மூடிப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. பாட்டு வந்த அடுத்த ஆண்டு, 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் ஆலையை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தானது. நெடுங்காலம் போராடியவர்கள் தொழிலாளர்கள்தான்; பாட்டு அவர்கள் குரலை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது. ராப்பும் கர்னாடக இசையும் சூழலியலும் இந்த ஊரில் ஒரே நண்பர் வட்டத்தில் புழங்குகின்றன என்பதைத் தனித்தனிச் செய்திகளைப் படிப்பவர் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்பவருக்கே அது தெரியும்.

அதைத் தமிழில் எழுத வேண்டும். இந்த இசையைப் பற்றி இதுவரை வந்த நல்ல கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. பாடுவது தமிழில், கேட்பது தமிழர், அதைப் படிப்பதற்கு மட்டும் ஆங்கிலம் வேண்டும் என்பது என்ன நியாயம்? சட்டி, பறை, தவில், உறுமி, கட்டமோளம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சத்தமும் தனி மரபும் உண்டு. வெளியிலிருந்து கேட்பவர் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். ராயபுரத்தில் வளர்ந்தவருக்கு அப்படி எழுதக் கை வராது. ராயபுரத்திலிருந்து வந்த இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. கானா ஆண்களின் களமாகவே இருந்துவந்த ஊரில் ஒரு பெண் மைக் பிடித்தது எத்தனை பெரிய காரியம் என்று அவர் தெருக்காரர் ஒருவர் அதற்கு முன்பே தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

பாட்டு நன்றாக இருந்தால் யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்காதா என்று கேட்கலாம். செயலிகள் ஏற்கனவே கேட்கப்படுவதை இன்னும் கேட்கவைப்பதில் கெட்டிக்காரர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டால்தான் ராயல்டிக் கணக்கிலேயே வரும். 900 முறை மட்டுமே கேட்கப்பட்ட பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. முதல் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மதுரைப் பையனுக்கோ தூத்துக்குடிப் பெண்ணுக்கோ அந்த மீதி நூறு முறைக்கான கேட்பவர்களைக் கொண்டுவருவது, நம்பகமான ஒருவர் மனம்விட்டு எழுதிய பத்து வரியாகத்தான் இருக்கும்.

நம்பகம் என்பதுதான் இதில் உயிர். இன்று இன்ஸ்டாகிராமில் பாட்டைப் புகழ்வதற்கு விலை இருக்கிறது; காசு வாங்கிக்கொண்டு போடும் ரீலுக்கும் மனதாரப் பாராட்டும் ரீலுக்கும் கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எழுதுபவர் காசு வாங்கினால் சொல்ல வேண்டும். பாடகர் நண்பர் என்றால் அதையும் சொல்ல வேண்டும். சுதி விலகியிருந்தால், வரிகள் சப்பென்று இருந்தால், அதையும் மரியாதையோடு எழுத வேண்டும். எல்லாவற்றையும் ‘வேற லெவல்’ என்று சொல்பவரின் பாராட்டை ஆறு மாதத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் நஷ்டப்படுவது உண்மையில் நன்றாகப் பாடியவர்தான்.

செய்ய வேண்டிய வேலை எளிமையானது. நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போக வேண்டும். தேதி, இடம், குழுவில் உள்ள ஒவ்வொருவர் பெயர், அவர் வாசித்த கருவி, பாட்டை எழுதியவர், மெட்டுப் போட்டவர், ஒலி அமைத்தவர் எல்லாவற்றையும் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டை எங்கே கேட்கலாம், அடுத்து எப்போது பாடுகிறார்கள் என்பதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்கிறது. தன் பெயர் எங்கும் சரியாகப் பதிவாகாத கலைஞன் அந்த உரிமையைக் கேட்டு நிற்கும்போது, அன்றைக்கே எழுதப்பட்ட ஒரு குறிப்பு அவன் பக்கம் பேசும்.

தமிழ் நாளிதழ்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. மார்கழிக் கச்சேரிக்கு ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கை, வாரம் ஒரு முறை, உள்ளூர்ச் சுயாதீன இசைக்குக் கொடுக்கட்டும். 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அதே மாதத்தில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் பறைக்கும் மேடை போட்டுக் காட்டிவிட்டது. அச்சில் ஒரு பத்தி போடுவது அதைவிடக் கடினமில்லை. சென்னையோடு நிற்காமல் கோவை, திருச்சி, நெல்லையிலிருந்தும் எழுதக்கூடிய இளைஞர்களைத் தேடிப் பிடிக்கட்டும்.

இதைப் படிக்கும் உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர் இந்த வாரம் ஒரு கல்லூரி அரங்கத்திலோ காபி கடை மாடியிலோ கோயில் திடலிலோ சொந்தப் பாட்டைப் பாடப்போகிறார். போய்க் கேளுங்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சென்று, வாசித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதைத் தமிழில் நாலு பேர் படிக்கும்படி எங்காவது போடுங்கள்.