வீட்டுக் கருவிகளும் தாய்மொழிக் கையேடும்

அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் உலக்கையும் இருந்த இடங்களில் இன்று மிக்ஸியும் கிரைண்டரும் அமர்ந்துள்ளன. விறகடுப்பு எரிந்த மூலையில் எரிவாயு உருளை நிற்கின்றது. கோயம்புத்தூரில் உருப்பெற்ற மாவரைக்கும் கிரைண்டர், புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு அவ்வூரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தமிழக அரசு 2006ஆம் ஆண்டில் விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011ஆம் ஆண்டில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் வழங்கத் தொடங்கியபின், மின்கருவி என்பது செல்வர் இல்லத்துப் பொருள் என்னும் நிலை அறவே மாறிற்று. குடிசையிலும் இன்று கருவி உண்டு.

கருவி வந்தது, கருவியைப் பற்றிய அறிவு அதனுடன் வந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா. வரவில்லை என்பதும், வாராமைக்கு முதன்மையான காரணம் மொழியே என்பதும் நம் கருத்து.

சிறு பழுதுகளின் பெருங்கதை

நாள்தோறும் இல்லங்களில் நிகழும் சில பழுதுகளை எண்ணிப் பார்ப்போம். பருப்பு அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி திடீரென நின்றுவிடுகிறது. இயந்திரம் எரிந்துவிட்டதென்று வீட்டார் அஞ்சுகின்றனர். கடைக்குத் தூக்கிச் செல்கின்றனர். பெரும்பாலான மிக்ஸிகளின் அடிப்புறத்தில் சிறு பொத்தான் ஒன்று உண்டு. சுமை மிகும்போது மோட்டார் எரிந்துபோகாமல் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் காப்பு அது. மின்சாரத்தை நிறுத்திச் சற்று நேரம் ஆறவிட்டு, அப்பொத்தானை அழுத்தினால் மிக்ஸி மீண்டும் ஓடும். இதற்கு எந்தச் செலவும் இல்லை. ஆயினும் இதை அறியாமையால் கூலி கொடுத்தவர் எத்தனை பேர்!

முன்புறம் கதவுடைய சலவை இயந்திரத்தின் பின்புறத்தில், வழியில் குலுங்காதிருக்க நீண்ட திருகாணிகளைப் பூட்டி அனுப்புவர். முதல் சலவைக்கு முன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து அறையைவிட்டே நகர முற்படும், உள்ளுறுப்புகளும் சிதையும். இன்வெர்ட்டர் மின்கலத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றவேண்டிய இடத்தில் குழாய்நீரை ஊற்றினால், அந்நீரிலுள்ள உப்பும் பிற கனிமங்களும் மின்கலத்தின் வாழ்நாளைக் குறைத்துவிடும். மூன்று முனைச் செருகியின் பெரிய முனையைத் தொந்தரவென்று கருதி ஒடித்துவிடுவாரும் உளர். அம்முனை எர்த் இணைப்புக்குரியது. மற்றவற்றுக்கு முன்னதாகத் தொடர்பு கொண்டு, மற்றவை பிரிந்த பின்னரே பிரியவேண்டும் என்பதற்காகவே அது நீளமாக அமைக்கப்பட்டுள்ளது. அதனை ஒடிப்பவர் உயிர்க்காப்பை ஒடிக்கின்றார்.

பிரஷர் குக்கரில் மூன்றில் இரு பங்கிற்குமேல் நிரப்பலாகாது. அரிசி, பருப்பு போல் ஊதிப் பெருகும் பொருளாயின் பாதிக்குமேல் ஆகாது. மூடுமுன் ஆவி வெளிவரும் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். எரிவாயு உருளையின் மேல்வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஏ’ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையும், ‘பி’ என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரையும், ‘சி’ என்பது ஜூலை முதல் செப்டம்பர் வரையும், ‘டி’ என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் உள்ள காலாண்டுகளைக் குறிக்கும். எண் ஆண்டினைக் குறிக்கும். அவ்வுருளை அடுத்து எப்போது சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும் என்பதே இக்குறியீட்டின் பொருள். இதைப் படித்தறிந்து, காலம் கடந்த உருளையை வேண்டாமென மறுக்கும் இல்லத்தரசியர் எத்துணைப் பேர் உளர்?

மேற்குறித்த செய்திகளுள் எதுவும் மறைபொருள் அன்று. ஏறத்தாழ அனைத்தும் கருவியோடு வரும் கையேட்டில் அச்சிடப்பட்டிருப்பவையே. ஆனால் பெரும்பாலான கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. சில ஆங்கிலத்தோடு இந்தியில் உள்ளன. தமிழிலும் அச்சிடும் நிறுவனங்கள் மிகச் சிலவே. ஆதலின் கையேடு பிரிக்கப்படாமலேயே அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகின்றது.

இன்னொன்றையும் ஈண்டு நோக்க வேண்டும். நம் குடும்பங்களில் கருவியைத் தேர்ந்து வாங்குபவர் பெரும்பாலும் ஆண். அதை நாள்தோறும் கையாள்பவர் பெண். விற்பனையாளர் விளக்கம் கூறுவது வாங்குபவருக்கு. பழுது நேரும்போது பழி சுமப்பது கையாள்பவருக்கு. “உனக்கு ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது” என்னும் சொல்லைக் கேளாத தாய்மார் அரியர். அவர்கள் அறியாதது கருவியை அன்று, கையேட்டின் மொழியையே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடல் கடந்து வந்த கருவிகள்

சபுராளிகள் என நம் ஊர்களில் வழங்கப்பெறுவோர் வளைகுடா நாடுகளிலிருந்து கொணர்ந்த பொருள்களின் கதை இன்னும் இரங்கத்தக்கது. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவினது. சவுதி அரேபியாவிலோ வீடுகளுக்கு நெடுங்காலம் 127 வோல்ட் மின்சாரமும் வழங்கப்பட்டு வந்தது. அங்கு அலைவெண்ணும் 60 ஹெர்ட்ஸ் ஆகும். அங்குக் குறைந்த வோல்ட்டிற்கென வாங்கிய கருவியை இங்கு நேரே செருகினால் நொடியில் புகையும். பல்லாண்டு உழைப்பின் ஒரு பகுதி கரியாவதற்கு அந்த ஒரு நொடி போதும். ஐக்கிய அரபு அமீரகத்தின் செருகிகள் தட்டையான மூன்று முனைகள் கொண்டவை; நம் சுவர்ப் பொருத்திகளோ உருண்டை முனைக்குரியவை. தகுந்த மாற்றுச் செருகி தேடாமல் வலிந்து நுழைப்பதால் தளர்ந்த இணைப்பு ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கின்றது.

அக்கருவிகளுடன் வந்த கையேடுகள் அரபியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. நம் தாய்மார்க்கு அரபி எழுத்துகளை ஓதத் தெரியும். ஆனால் பெரும்பாலோர்க்குப் பொருள் தெரியாது. எழுத்து தெரிந்தும் பொருள் அறியா நிலை ஒரு மொழியில். எழுத்தே தெரியா நிலை மற்றொரு மொழியில். நன்கு தெரிந்த தமிழிலோ கையேடே இல்லை.

சட்டம் கூறுவது யாது?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1962ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் தம் நாட்டு நாடாளுமன்றத்திற்கு விடுத்த செய்தியில், நுகர்வோர்க்குரிய நான்கு உரிமைகளைச் சுட்டினார். பாதுகாப்பு, தகவல் பெறுதல், தேர்ந்தெடுத்தல், குறை கேட்கப்பெறுதல் என்பன அவை. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யலாம்; குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தல் வேண்டும்; பொருளுக்குச் செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தொடர்பு கொள்ளலாம். இவ்வனைத்திற்கும் அடிப்படைச் சான்று, நாம் அலட்சியமாகக் கசக்கி எறியும் ரசீதே ஆகும்.

இப்புதிய சட்டத்தின் 84ஆம் பிரிவு நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது. தீங்கு நேராதவாறு பயன்படுத்துவதற்குப் போதிய அறிவுரைகளோ, தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையோ இல்லாத பொருளால் கேடு விளையின், அதற்கு உற்பத்தியாளரே பொறுப்பாவார் என்பது அதன் கருத்து. ‘போதிய’ என்னும் சொல்லையே நாம் பற்றிக்கொள்ள வேண்டும். பயன்படுத்துவோர் படிக்க இயலாத மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கை எங்ஙனம் போதியதாகும்?

பொட்டலப் பொருள்களுக்குரிய 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளோ, விலை, அளவு முதலிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்ற அளவில் நிற்கின்றன. தடையில்லை என்பது வேறு. வேண்டும் என்பது வேறு. விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் பாதுகாப்புக் குறிப்புகளேனும் கட்டாயம் இருத்தல் வேண்டும் என்று விதி திருத்தப்படுதல் இன்றியமையாதது.

முன்னோர் காட்டிய வழி

தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டார்கள். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரை வினவினார்கள், ஏமாற்றுவோரைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி, பொருளின் குறை வாங்குவோர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்னும் வணிக அறத்தை நிலைநாட்டுகின்றது. புரியாத மொழியில் நுண்ணிய எழுத்தில் அச்சிடப்பட்ட எச்சரிக்கையும் குவியலின் அடியில் கிடக்கும் ஈரத் தானியம் போன்றதே.

இறைத்தூதர் ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்றும், அது தெளிவாக விளக்குவதற்கே என்றும் திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் உணர்த்துகின்றது. இறைச்செய்திக்கே இந்நெறி எனில், இயந்திரச் செய்திக்கு விலக்கு எங்ஙனம் அமையும்?

இந்நெறியை நம் முன்னோர் செயலிலும் காட்டினர். அரபி எழுத்தை ஓதப் பழகியும் தமிழ் எழுத்து அறியாதிருந்த மக்களுக்காக, தமிழ்ச் சொற்களை அரபி எழுத்தில் எழுதும் அறபுத்தமிழை ஆலிம்கள் வளர்த்தனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை அறபுத்தமிழில் நூலாக்கித் தந்தார்கள். ‘படிக்கத் தெரியாதது உங்கள் குறை’ என்று அவர்கள் மக்களைப் பழிக்கவில்லை. மக்கள் அறிந்த எழுத்தைத் தேடிச் சென்று அறிவை அதில் ஏற்றினார்கள். இன்றைய நிறுவனங்கள் கற்கவேண்டிய பாடம் இதுவே.

எழக்கூடிய மறுப்புகள்

“யூடியூபில் எல்லாம் காணலாமே, கையேடு எதற்கு?” என்பர் சிலர். காணொளிகளால் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை நம்மிடமுள்ள அதே கருவியைப் பற்றியவையாக இருப்பது அருமை. தவறாகக் கூறினால் பொறுப்பேற்பாரும் இலர். மேலும், சேவை மையத்தின் எண்ணை இணையத்தில் தேடப் புகுந்து, போலி எண்ணில் சிக்கிப் பணம் இழப்போர் பெருகியுள்ளனர். யுபிஐ முறையில் இரகசிய எண்ணை இடுவது பணம் செலுத்துவதற்கே. பெறுவதற்கு அவ்வெண் தேவையே இல்லை. இச்சிறு உண்மை தாய்மொழியில் பொட்டலத்தின்மீதே சேவை எண்ணுடன் அச்சிடப்பட்டிருப்பின் பல இழப்புகள் தவிர்க்கப்படும். அவ்வாறு ஏமாந்தோர் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

“அச்சுச் செலவு மிகும்” என்பது பிறிதொரு மறுப்பு. முழுக் கையேடும் வேண்டா. செய்யத்தக்கன, தவிர்க்கத்தக்கன என ஒரே ஒரு தாள் போதும். எஞ்சியதைக் கியூ.ஆர். குறியீட்டின் வழியாகத் தரலாம்.

“தமிழில் கலைச்சொற்கள் இல்லை” என்பது மூன்றாவது மறுப்பு. இது பொருந்தாது. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017) அவர்கள், அறிவியல் கலைச்சொற்களைத் தொகுப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். சொல்லுக்குப் பஞ்சமில்லை, எடுத்தாளும் மனத்துக்கே பஞ்சம்.

தமிழ்த்துறைகளின் கடமை

குறையை நிறுவனங்கள்மீது மட்டும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. தமிழில் வரும் ஒரு சில கையேடுகளும் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவையாய், படிப்போரை மருட்டுகின்றன. மற்றொரு புறம், ‘மிகைச்சுமைக் காப்பமைவை மீளமைக்கவும்’ என்று எழுதினால் இலக்கணம் பிழைக்கும், மிக்ஸி பிழைக்காது. ‘அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவும்’ என்பதே கையேட்டுத் தமிழ். எளிமையாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் எழுதுவது ஒரு தனிக்கலை. செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதப் பயிற்றும் நாம் இக்கலையைப் பயிற்றுவதில்லை.

எல்லாப் பட்டப்படிப்புகளிலும் பகுதி ஒன்றில் தமிழ் பயிலும் மாணவர்க்குக் கையேடு எழுதுதலை ஒரு பயிற்சியாக வைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள ஒரு கருவிக்கு ஒரு பக்க அளவில் தமிழ்க் குறிப்பு எழுதட்டும். இயற்பியல் துறை ஆசிரியர் அதன் செய்தியைச் சரிபார்க்கட்டும். தமிழ் ஆசிரியர் நடையைத் திருத்தட்டும். இறுதியாக மாணவரின் தாயார் அதைப் படித்து, பிறர் உதவியின்றிக் கருவியை இயக்கிப் பார்க்கட்டும். அவருக்குப் புரிந்தால் மதிப்பெண். புரியாவிடின் மீண்டும் எழுதுதல். இத்தேர்வில் தாய்மாரே தேர்வாளர்.

குடும்பத்திலும் மாற்றம் வேண்டும். கருவி வாங்கச் செல்லும்போது அதைக் கையாளப் போகும் பெண்ணை உடன் அழைத்துச் செல்லுதல் முதற்கடமை. கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டல் வேண்டும். ரசீதும் உத்தரவாத அட்டையும் கையேடும் ஒரே உறையில் இருத்தல் வேண்டும். படித்த பிள்ளைகள் கையேட்டை வீட்டாருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும் வழக்கம் பெருகவேண்டும்.

தாய்மொழிவழிக் கல்வி பற்றி மேடைகளில் முழங்குகிறோம். வகுப்பறைக்கு வெளியே, அடுக்களையில் நிற்கும் தாய்க்கும் அக்கல்விக்கு உரிமை உண்டு. பாட்டுக்கும் உரைக்கும் பயன்பட்ட தமிழ், மின்சாரத்தைக் கையாளும் கைக்கும் காப்பாகட்டும். அப்பணியைத் தொடங்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும்.